மெத்தைக் கடைக்காரன் வாங்கிய கீபோர்டு

என் மனைவியின் விரல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் ஓயாது. நான் மெத்தைக் கடை வைத்திருப்பவன், பொதுவாகவே வாய் ஓயாதவன்தான். மெத்தையைப் பற்றியென்றால் கொஞ்சம் முன்னே பின்னே சொல்லுவேன். இவளைப் பற்றிச் சொல்ல அதற்கெல்லாம் தேவையே இல்லை.

காது கேளாதோர் சங்கத்தின் கூட்டங்களில் மேடையில் ஒருவர் பேசப் பேச, இவள் ஓரமாக உட்கார்ந்து தட்டச்சு செய்வாள். பேச்சு உடனுக்குடன் பெரிய திரையில் எழுத்தாக ஓடும். முன்வரிசைகளில் இருப்பவர்களுக்கு அந்தத் திரைதான் காது. அந்த வேலைக்கு அவள் போனதே அவளுடைய அண்ணனுக்காக. மச்சானுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு ஒரு காய்ச்சலில் காது போய்விட்டது. நாங்கள் முகத்துக்கு நேரே நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மேடைப் பேச்செல்லாம் தங்கச்சி அடித்தால்தான் உண்டு.

அந்தத் தங்கச்சிக்குத்தான் கை வலி வந்தது. அவள் தட்டச்சு பழகியது பழைய மெஷினில். ஓங்கி அடித்தால்தான் எழுத்து விழும். அதே அடியைத் தட்டையான லேப்டாப்பின் மேலும் அடித்தால் விரல் என்னத்துக்கு ஆகும்? பாட்டில் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். வலி என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அழுத்தக்காரி.

போட்டு உடைத்தது மச்சான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தவர், சாப்பாட்டைத் தொடாமல் கேட்டார்.

"நேத்து கூட்டத்துல பின்னாடி இருந்தவங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. திரையில ஒண்ணும் வரல. நாங்க திரும்பித் திரும்பிப் பார்த்தோம். கடைசியில நானும் சும்மா பல்லைக் காட்டினேன். என்னதான் சொன்னாரு அவரு?"

இவள் அவர் முகத்துக்கு நேரே திரும்பிச் சொன்னாள். "கை வலிக்குதுண்ணா. அதான் முக்கியமானதை மட்டும் அடிச்சேன்."

"சிரிக்கிறது முக்கியம் இல்லையா?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "முடியலைன்னா விட்டுடும்மா. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா பாதி பாதியா வேணாம்" என்றார்.

அவர் போன பிறகு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "ஆண்டு விழாவோட நிறுத்திக்கிறேங்க. முழுசா அடிக்க முடிஞ்சவங்க யாராவது வரட்டும்." அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சும்மா இருப்பேனா? விசாரித்தேன். மெக்கானிக்கல் கீபோர்டு என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனியாக ஒரு ஸ்பிரிங் உண்டு, கைக்கு இதமாக இருக்கும் என்றார்கள். ஸ்பிரிங் என்றதும் நம்ம சமாச்சாரம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்குப் போனேன். ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, இருப்பதிலேயே லேசானதை வாங்கி வந்தேன். மூச்சுக் காற்று பட்டாலே எழுத்து விழும், அவ்வளவு மெத்து.

விழத்தான் செய்தது. அவள் விரல்களைச் சும்மா வைத்தாலே திரையில் 'ககககக' என்று ஓடியது. எழுத்து விழாமல் இருக்க விரல்களை அந்தரத்திலேயே தூக்கி வைத்துக்கொண்டு அடித்தாள். சாயங்காலம் விரல் வலியோடு தோள் வலியும் சேர்ந்துகொண்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"கடைக்கு வர்றவங்க ரொம்ப மெத்துன்னு இருக்கறதைக் கேட்டா நீங்க என்னங்க சொல்வீங்க?"

நான் சுவரைப் பார்த்தேன். தினமும் தொண்டை கிழியச் சொல்வதுதான். கையால் அமுக்கிப் பார்த்து வாங்காதீர்கள், படுத்துப் பார்த்து வாங்குங்கள், அளவுக்கு மீறி மெத்தென்று இருந்தால் முதுகு போய்விடும் என்று. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, பெண்டாட்டிக்கு ஒற்றை விரலால் அமுக்கிப் பார்த்து வாங்கி வந்திருக்கிறேன்.

மறுநாள் இருவருமாகப் போனோம். கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே வேறு சிலவற்றை எடுத்து வைத்தாள். முதலாவது, தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி சத்தம் போட்டது. இவளுக்கு அது பிடித்துவிட்டது, ஆனாலும் ஒதுக்கினாள்.

"சத்தம்னா என்ன? உங்க சங்கத்துல யாருக்குத் தொந்தரவு?" என்றேன்.

"பேசறவருக்குக் காது கேக்கும்ங்க. மைக்குக்கும் கேக்கும்."

கடைசியாக வந்ததில் சத்தம் அடக்கமாக இருந்தது. அமுக்கினால் பாதி வழியில் ஒரு சின்னத் தடை. அதைத் தாண்டியதும் எழுத்து விழுந்துவிட்டது என்று விரலுக்கே தெரிகிறது, அடி வரைக்கும் போய் மோத வேண்டாம். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேசுங்க."

"என்னத்தைப் பேச?"

"கடையில பேசறதைத்தான். நிறுத்தாம பேசணும்."

பேசினேன். தேங்காய் நார், பஞ்சு, ஸ்பிரிங், இடுப்பு வலி, ஒட்டிப் பிறந்த மாதிரி தூங்கும் தம்பதி, ஆளுக்கொரு மூலையில் தூங்கும் தம்பதி, ஒன்றையும் விடவில்லை. கீபோர்டு வாங்க வந்தவர்கள் என்னைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருவர், "சார், உங்க கடை எங்க இருக்கு?" என்று கேட்டார். அதுவும் கடைக் கம்ப்யூட்டர் திரையில் வந்தது. என் தொண்டை வறண்டு போயிற்று. அவள் கை சளைக்கவில்லை.

"அக்கா, கை எப்படி இருக்கு?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

இவள் உள்ளங்கையை விரித்து மூடிப் பார்த்தாள். "அவரை இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லும்மா" என்றாள்.

அந்தக் கீபோர்டைத்தான் வாங்கினோம். ஓங்கி அடிக்கிற பழக்கத்தை விடத்தான் அவள் பாடுபட்டாள். வானொலிச் செய்தியை வைத்துக்கொண்டு, பூவைத் தொடுகிற மாதிரி தொட்டுத் தொட்டுப் பழகினாள்.

ஆண்டு விழாவுக்கு வந்த விருந்தினர் சரியான வேகக்காரர். மூச்சு விடாமல் பேசினார். திரையும் மூச்சு விடாமல் ஓடியது. நான் பின்வரிசையில் உட்கார்ந்து திரையைப் பார்க்காமல் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் இறங்கி, தளர்ந்து, நிம்மதியாக இருந்தது.

திடீரென்று அவர் திரையைக் கவனித்துவிட்டார். "நான் பேசறது எல்லாமே அங்க வருதா?" என்றார். அதுவும் வந்தது. "என் வீட்டுக்காரம்மா இதைப் பார்த்துடக் கூடாது. வீட்டுக்கு ஒண்ணு வாங்கி மாட்டிடுவாங்க. அப்புறம் நான் எதையும் சொல்லவே இல்லைன்னு சாதிக்க முடியாது!"

அரங்கமே கொல்லென்று சிரித்தது. பின்வரிசையும் சிரித்தது, முன்வரிசையும் சிரித்தது, ஒன்றாக. முன்னால் இருந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்து, "அடிக்கிறது என் வீட்டுக்காரிங்க" என்றேன். யார் அடிக்கிறார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. இருந்தாலும் சொன்னேன்.

கூட்டம் முடிந்ததும் மச்சான் நேரே தங்கச்சியிடம் வந்தார். புகழப் போகிறார் என்று நானும் ஓடிப் போய் நின்றேன்.

"அந்த ஆளு ஜோக்கு ஒண்ணும் பிரமாதம் இல்ல. இதுக்கா எல்லாரும் இத்தனை நாளா இப்படிச் சிரிக்கிறாங்க?" என்றார்.

காது போன நாளிலிருந்து அவர் ஒரு ஜோக்கைக் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. இவள் அண்ணனின் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அடுத்த கூட்டத்துக்கு நல்லா பேசறவரா கூப்பிடச் சொல்றேண்ணா. நான்தான் அடிக்கப் போறேன்."