பெறப்பட்ட தேதி

என் வீட்டுக்காரர் இன்டர்நெட்டைத் துறந்துவிட்டார். துறந்த செய்தியை இன்டர்நெட்டில்தான் அறிவித்தார். நாலாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள், அதில் முந்நூறு பேர் கைகூப்பிக் கும்பிட்டார்கள்.

ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் ஒரு வருஷம் என்னையே ஆபீஸாக நினைத்து நிர்வாகம் பண்ணினார். சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் நம்பர் எழுதி ஒட்டி, அதற்கு ஒரு பதிவேடும் போட்டார். அப்புறம் யாரோ புண்ணியவான் சொல்லிக்கொடுக்க, 'அந்த நாள் வாழ்க்கை' என்று ஒரு சேனல் ஆரம்பித்தார். தினமும் காலையில் போனை ஸ்டாண்டில் மாட்டி, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்தக் காலத்துல மனுஷன் மனுஷனோட பேசினான்" என்று போனோடு பேசுவார். மனுஷி ஒருத்தி அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள், அவளோடு பேச நேரம் இருக்காது. அந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் பேப்பரை விரிப்பார், நான் பேசியதெல்லாம் அந்தப் பேப்பரின் முதுகோடுதான்.

போன மாதம் தலைக்குள் புது யோசனை புகுந்தது. 'முப்பது நாள், இன்டர்நெட் இல்லாத வீடு.' வைஃபை பெட்டியைப் பிடுங்கிப் பரணில் போட்டார். என் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். தன் போன் மட்டும் வெளியே.

"உங்க போனு?" என்றேன்.

"வீடியோ எடுக்கணுமே."

எடுத்ததைப் போட நெட் வேண்டும். போட்டதற்கு எத்தனை லைக் என்று எண்ண நெட் வேண்டும். கீழே எழுதுகிறவர்களுக்கெல்லாம், 'நன்றி ஐயா, முதலில் போனைக் கீழே வையுங்கள்' என்று பதில் எழுதவும் நெட் வேண்டும். மற்றபடி முற்றும் துறந்தவர்தான்.

இது வெறும் கூத்தாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் மகள் கடல் தாண்டி இருக்கிறாள், ஒன்பதாம் மாதம். முதல் பிரசவம். எனக்கு விசா வந்து இரண்டு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை அஞ்சு நிமிஷத்தில் டிக்கெட் போட்டுவிடுவார், நான் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதைச் சொல்ல விடாமல்தான் இவர் இழுத்துக்கொண்டிருந்தார். சவால் முடிகிற முப்பதாம் நாள் ஏதோ பெரிய வீடியோவாம். அதில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த ஒரு மாதம் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டுமாம். "உன்னைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. அம்மா முகத்துல என்ன ஒரு அமைதின்னு பதினேழு பேர் எழுதியிருக்காங்க" என்றார். அது அமைதி இல்லை, கடுப்பு. கேமராவில் அப்படித் தெரிந்திருக்கிறது.

மகளோடு பேச ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து நிமிஷம் அனுமதி. அதுவும் இவர் போனில், ஸ்பீக்கரைப் போட்டு, இவர் பக்கத்தில் நிற்க.

இருபத்தோராம் நாள் ஞாயிறு. "அம்மா, ரெண்டு வாரம் முன்னாடியே பொறந்துடும் போலன்னு டாக்டர் சொல்றாங்க. நீ இப்பவே வந்துடேன். பயமா இருக்கும்மா" என்றாள். என் வாய் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. ஒன்பது நாள்ல அம்மாவை அனுப்பறேன். அந்தக் காலத்துல போனா இருந்துச்சு? பிள்ளைங்க பொறக்கலையா? மனசுல இருக்கறதை அம்மாவுக்கு ஒரு லெட்டரா எழுது. எழுதினாலே பாரம் குறையும்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முப்பத்தெட்டு வருஷமாகக் கடித்துக் கடித்துப் பல்லே தேய்ந்துவிட்டது.

இருபத்துமூன்றாம் நாள் தலைப்பு, 'கடிதம்'. என் அம்மா எழுதிய பழைய கடிதங்களை எடுத்துவரச் சொன்னார். புடவைகளுக்கு அடியில் வைத்திருந்த கட்டை எடுத்து வந்தேன். இவர் பரணிலிருந்து ஒரு பழைய ஆபீஸ் கோப்பை இறக்கித் தூசி தட்டினார். மேலே, 'உள்வரவு – சொந்தம்' என்று எழுதியிருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்போதெல்லாம் வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தோம். அதனால் என் பெயருக்கு வரும் கடிதமும் இவர் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் வரும். இவர்தான் பிரிப்பார், படிப்பார். சாயங்காலம் வந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டே, "உங்க வீட்டுக் கிணத்துல தண்ணி வத்திடுச்சாம், உங்கம்மாவுக்கு மறுபடி மூட்டுவலியாம்" என்று சேதியைச் சொல்லிவிட்டுத்தான் காகிதத்தை நீட்டுவார். அம்மா என்னிடம் சொன்ன எதையும் நான் முதலில் கேட்டதில்லை. உறை மட்டும் என் கைக்கு வராது. எங்கே போகிறது என்று நானும் கேட்டதில்லை. குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன்.

குப்பைக்குப் போகவில்லை. எல்லாம் இந்தக் கோப்பில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு உறையின் மூலையிலும் சிவப்பு மையில் 'பெறப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு, கீழே இவருடைய சுருக்கொப்பம். மாமியார் மருமகனிடம் கொடுத்த மனு மாதிரி இருந்தது.

"நான் உறையை எடுத்துத் தர்றேன், நீ அதுக்குள்ள கடிதத்தை வை. ஜனங்க உருகிடுவாங்க" என்று சொல்லி ரெக்கார்டிங்கை ஓடவிட்டார்.

ஓடவிட்டதும் குரல் மாறிவிடும் இவருக்கு. "நண்பர்களே, ஒரு கடிதத்துக்காகக் காத்திருப்பதில் ஒரு சுகம் இருந்தது. தபால் மெதுவாக வந்தது. அந்த மெதுவில்தான் பாசம் ஊறியது" என்று ஊறவைத்துக்கொண்டே ஓர் உறையை நீட்டினார்.

அண்ணன் கையெழுத்து. அண்ணன் தன் வாழ்நாளில் எனக்கு எழுதியது ஒரே ஒரு கடிதம். அது எனக்கு மனப்பாடம். 'அப்பாவுக்கு முடியவில்லை. உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உடனே கிளம்பி வா.' மேலே மூன்றாம் தேதி போட்டிருக்கும். அது என் கையில் வந்தது பதினாலாம் தேதி சாயங்காலம். "போஸ்ட்மேன் சோம்பேறிப் பய, பதினோரு நாள் ஆக்கியிருக்கான் பாரு" என்று இவர்தான் சொன்னார். அன்றைக்கே பஸ் ஏறினேன், மறுநாள் போய்ச் சேர்ந்தேன். அப்பா பன்னிரண்டாம் தேதியே போய்விட்டார். லெட்டர் போட்டும் வராதவளுக்குத் தந்தி ஒரு கேடா என்று அண்ணன் விட்டுவிட்டான். இன்றுவரை அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆபீஸுக்குத் தபால் கொண்டுவரும் அந்த போஸ்ட்மேன் எங்கள் தெருக்கோடியில்தான் குடியிருந்தார். எதிரில் வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருநாள் அவர் பெண்டாட்டி காதுபட வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த மனுஷி ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உறையின் மூலையில் சிவப்பு மை. பெறப்பட்டது. ஐந்தாம் தேதி. சுருக்கொப்பம்.

"என்னங்க இது, அஞ்சாம் தேதின்னு போட்டிருக்கு?"

"வந்த தேதி. என் ஆபீஸ்ல ஒரு காகிதம் தேதி போடாம உள்ள வராது" என்று கேமராவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

"எங்கிட்ட பதினாலாம் தேதி குடுத்தீங்க."

சிரிப்பு நின்றது. உறையை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். தன் கையெழுத்தைத் தானே மறுக்க முடியாது அல்லவா, அதுவும் ஹெட்கிளார்க்.

"அப்போ இன்ஸ்பெக்‌ஷன் நடந்துக்கிட்டிருந்துச்சு. ஆபீசருக்கு ஒரு வாரம் நம்ம வீட்டுலதானே சாப்பாடு. நீ போயிட்டா யாரு சமைப்பா? என் பிரமோஷனே அதுலதான் இருந்துச்சு. உனக்கும் சேர்த்துத்தானே?" என்றார். அப்புறம் எழுத்தெண்ணிப் படிக்கிற பழக்கம் விடுமா, "முடியலன்னுதான் எழுதியிருந்தான் உங்கண்ணன். போயிடுவார்னு எங்க எழுதியிருந்தான்?" என்று கேட்டார்.

அந்த ஆபீசரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தினமும் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். என் கைமணத்தைப் பாராட்டினார். அவருக்கு நான் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் பயண தூரத்தில் எங்கப்பா வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் இவர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்.

"சரி விடு. இந்த இடத்தை மட்டும் கட் பண்ணிக்கலாம். அடுத்த கடிதத்தை எடு" என்றார்.

எழுந்து போய் ஸ்டாண்டிலிருந்து போனைக் கழற்றினேன்.

"ஏய், ரெக்கார்டிங் ஓடுது!"

மகள் நம்பரை அழுத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஸ்பீக்கரைப் போடவில்லை.

"சொல்லுங்கப்பா" என்றாள்.

"நான்தான்டி. மாப்பிள்ளைகிட்ட சொல்லி இப்பவே டிக்கெட் போடச் சொல்லு. இன்னைக்கு ராத்திரின்னாலும் சரி, நான் கிளம்பிடுவேன்."

"நிஜமாவாம்மா? அப்பா ஒத்துக்கிட்டாரா?"

"அவரைக் கேக்கல."

"அம்மா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? அழறியா?"

"எங்கப்பா போயிட்டாருடி."

"என்னம்மா சொல்ற? தாத்தா போய் முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சேம்மா."

"ஆச்சு கண்ணு. அவர்கூட இருக்க எனக்கு ஆறு நாள் இருந்திருக்கு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."