சத்தமுள்ள சாப்பாடு

மாமனார் அன்றும் பாதித் தட்டை மிச்சம் வைத்தார். மூத்த மருமகளுக்கு வயிறு எரிந்தது. அலுவலகக் கேண்டீனில் பன்னிரண்டு வருடமாகச் சமைக்கிறவள் அவள். சூப்புக்குப் பூண்டு வதக்கினால் மூன்றாம் மாடிக்காரர்களும் வேலையைப் போட்டுவிட்டு இறங்கி வருவார்கள். சொந்த வீட்டில்தான் அவள் பருப்பு வேகவில்லை.

மாமனாருக்குப் பார்க்கின்சன். கைநடுக்கத்தைவிட எடைதான் இப்போது கவலை; ஒரே மாதத்தில் இரண்டு கிலோ இறங்கிவிட்டது. "விழுங்குறதுல சிக்கல் இல்ல, எப்படியாவது சாப்பிட வைங்க. இன்னும் இறங்கினா அட்மிட் பண்ண வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வாரத்தில் இரண்டு நாள் மதியச் சாப்பாடு ஓரகத்தியின் பொறுப்பு; தன் வீட்டில் சமைத்து டப்பாவில் கொண்டுவருவாள். கண்ணாடிக் கடையில் வேலை, சமையலில் கத்துக்குட்டி. ஆனால் அவள் டப்பா மட்டும் துடைத்தெடுத்தாற்போல் காலியாகத் திரும்பியது.

"சொக்குப்பொடி போடுறாளா அவ?" என்று மூத்தவள் கணவனிடம் பொருமினாள்.

"அப்பா சாப்பிட்டா சரி. இதுல என்ன பொறாமை?"

"பொறாமையா? எனக்கா? அவ சமையலைப் பார்த்தா?"

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டு வந்து, சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் திறந்தாள். கரக், முரக் என்று சத்தம். தட்டில் ஓரமெல்லாம் கறுத்த உருளைக்கிழங்கு வறுவல். மாமனார் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார்; பக்கத்தில் டப்பாவோடு ஓரகத்தி.

"மாமா, கரியைப் போய்த் தின்றீங்களே!"

"மூக்கு எப்பவோ செத்துப்போச்சும்மா. நீ எதை வச்சாலும் எனக்கு வெந்நீர்தான். சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்லல. இது காதுல கேக்குது, கசப்பு நாக்குல ஏறுது. ஏதோ சாப்பிடுறோம்னு தெரியுது."

இளையவள் நெளிந்தாள். "நான் வேணும்னு செய்யலக்கா. அடுப்புல வச்சுட்டு போன் பேசிட்டிருப்பேன், அப்படியே..."

கைப்பக்குவத்திடம் தோற்றிருந்தால்கூட ஆறியிருக்கும். கவனக்குறைவிடம் தோற்றதை எங்கே போய்ச் சொல்வது?

மறுநாள் வீம்பாக வாணலியை ஏற்றினாள். கிழங்கு பொன்னிறமானதும் கை தானாகப் போய் அடுப்பை அணைத்தது. இரண்டாம் முறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கறுப்பு எட்டிப் பார்த்ததும் பதறி அள்ளிவிட்டாள். மூன்றாவதும் அப்படியே. வீடு முழுக்க மணம்.

மாமனார் ஒன்றை எடுத்துக் கடித்தார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு..." என்று இழுத்தார். தட்டு மெல்ல நகர்ந்தது.

மூத்தவள் அவருடைய தளர்ந்துபோன பெல்ட்டைப் பார்த்தாள். போனை எடுத்தாள்.

"ஏய், எங்க இருக்கே? சீக்கிரம் வா."

"என்னாச்சுக்கா? மாமாவுக்கு ஏதாவது..."

"பசியா இருக்காரு. அடுப்பைப் பத்த வச்சுட்டு, உங்க அம்மாவுக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பேசு."

"எங்க வீட்டுக் கதை உங்களுக்குப் பிடிக்காதேக்கா!"

"பிடிக்காது. என் தலையெழுத்து. வா."

அவள் வந்ததும் மூத்தவள் சமையலறைக் கதவைச் சாத்தி, தானே உள்ளே ஓடிப் போய் அடுப்பை அணைத்துவிடாமல் இருக்க, வெளித்தாழ்ப்பாளையும் போட்டாள்.