ஒழுகாத அடுப்பு

அச்சுவேலியில் தகர வேலை செய்கிற நீக்கிலாப்பிள்ளை, எனக்காகச் செய்த அடுப்பைத் தூக்கி மேசையில் வைத்து, அதற்குள் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினார். ஊற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு சொட்டு ஒழுகுதோ பாருங்கோ, சேவையர்."

ஒழுகவில்லை. முப்பது வருடமாகத் துலாவில் தண்ணீர் இறைக்கப் பட்டையும் எண்ணெய்க்குப் புனலும் செய்த கை அது. மூட்டுக்கு மூட்டு ஈயம் மினுங்கியது. அடுப்புக்கு எதற்குத் தண்ணீர்ப் பரீட்சை என்று அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அவசரம். அன்றைக்குத் திங்கட்கிழமை. வியாழன் காலை இணுவிலில் ரயில் ஏறி மாங்குளத்தில் இறங்க வேண்டும்.

நான் காணி அளக்கிற சேவையர். வருடத்தில் பாதி வன்னிக் காட்டில், கூடாரத்துக்குள் போகும். போன வருடம் மாரி முந்திக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்புக்குள் தவளை இருந்தது. குடிக்க இருந்ததெல்லாம் குளத்துத் தண்ணீர். என்னோடு ஒரே கூடாரத்தில் இருந்த பாசையூர்க் கனிசியஸ், கொதிக்க வைக்காமல் குடிக்க மாட்டேன் என்று நின்றான். நான்தான் முதலில் ஒரு கோப்பை குடித்துக் காட்டி, அவனுக்கும் வார்த்துக் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவன் இரத்தமாகப் போய், மாங்குளத்துக்குக் கொண்டு வருகிற வழியில் வண்டிலிலேயே செத்தான். வயிற்றுக் குத்து என்று மட்டும் என் வீட்டில் சொன்னேன். யார் குடிக்கச் சொன்னது என்பதைச் சொல்லவில்லை.

இந்த முறை என் கூடாரத்துக்கு இளையதம்பி என்று ஒரு புதியவன் வருகிறான். மழைக்குள், ஈர நிலத்தில், கூடார வாசலில் நின்று எரிகிற அடுப்பு ஒன்று இல்லாமல் அவனோடு போக என்னால் முடியாது. மண்ணெண்ணெய் அடுப்பு இருக்கிறதே என்றார்கள். காட்டுக்குள் எண்ணெய் முடிந்தால் அது வெறும் பித்தளைப் பாரம். காட்டில் இல்லாத விறகா? ஆனால் விறகடுப்பு இலேசாக இருக்க வேண்டும். அளவுச் சங்கிலியும் கோலும் சுமக்கிற ஆட்களிடம் இன்னொரு பாரத்தைக் கொடுத்தால், முதல் மைலிலேயே பற்றைக்குள் எறிந்துவிட்டு வருவார்கள். அதனால்தான் காலி மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிச் செய்யக் கேட்டேன். இரண்டு றாத்தல் பாரம்கூட இல்லை. உருவம்தான் பெட்டி மாதிரி இடத்தை அடைத்தது. அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஏழு மைலையும் ஒரே மூச்சில் மிதித்தேன்.

புது அடுப்பென்றால் முதலில் பால் பொங்க வேண்டும் என்றாள் நல்லம்மா. என் மனைவி. அடுப்பின் வாயைக் கிழக்கே திருப்பி முற்றத்தில் வைத்தாள். நான் திசைகாட்டியை எடுத்துப் பார்த்து, நாலு பாகை தெற்கே சரிந்திருக்கிறது என்றேன். உழக்குக்குள்ளே கிழக்கு மேற்குப் பார்க்கிற மனுஷன் என்று அவள் சிரித்தாள். பிறகு சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. பால் சூடேறி வருகிற நேரம் ஈயம் உருகிச் சொட்டியது. தகரம் நாலு பக்கமும் விரிந்து விழுந்தது. பானை கவிழ்ந்து பால் முழுக்கச் சாம்பலுக்குள் போயிற்று.

நெருப்புக்கு ஈயம் நிற்காது என்பது எனக்கும் தெரியும், நீக்கிலாப்பிள்ளைக்கும் தெரியும். ஒழுகக் கூடாது என்ற நினைப்பிலே அவர் ஒட்டினார். ஒழுகவில்லை என்ற சந்தோஷத்திலே நான் வாங்கி வந்தேன். இரண்டு புத்திசாலிகள்.

நல்லம்மாவின் முகம் கறுத்துவிட்டது.

"இந்த முறை போகாதையுங்கோ. பால் பொங்காத அடுப்பு."

நான் கத்தினேன். அவளிடம் கத்தினேனா, தகரத்திடமா என்று தெரியாது. கத்திக்கொண்டே துண்டுகளை அள்ளிச் சாக்கில் போட்டேன். நாலு பக்கமும் ஓர் அடித்தட்டும். சாக்கு மெலிந்து கிடந்தது. படம் வைக்கிற என் தோல்பைக்குள்ளேயே அடங்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது: கழன்று விழுந்ததுதான் சரி. இது கழற்றவே வேண்டிய சாமான்.

செவ்வாய் விடிந்ததும் அச்சுவேலிக்கு மிதித்தேன். ஈயம் வேண்டாம் என்றதும் நீக்கிலாப்பிள்ளைக்கு மனம் நொந்தது. ஒட்டாத மூட்டு மூட்டே இல்லை என்றார். பெட்டி மூடிக்குக் கீல் வைப்பதில்லையா என்று கேட்டேன். அவர் கத்தரியை எடுத்தார். ஓரங்களைச் சுருட்டி வளையம் வளையமாக்கி, ஒன்றோடொன்று கோத்து, மூலைக்கு ஒரு கம்பி செருகினார். கம்பியை உருவினால் ஐந்து தட்டு. செருகினால் அடுப்பு. அடியில் காற்றுக்குத் துளைகள், நிலத்தில் படாமல் நிற்க நாலு குட்டிக் கால்கள். பதறாத காரியம் சிதறாது என்று இடைக்கிடை எனக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தார். நான் காலில் வெந்நீரை ஊற்றியவன் மாதிரி வாசலுக்கும் பட்டறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். புதன் மத்தியானம்தான் கையில் தந்தார். தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை.

மறுபடி முற்றம், மறுபடி பால். அடுப்பு அசையவில்லை. பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. நல்லம்மா கைகூப்பினாள். வழிந்த பால் உள்ளே இறங்கி நெருப்பை அணைத்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அவளுக்கு நல்ல சகுனம். எனக்கு அணைந்த அடுப்பு. நாளைக்கு மழைக்குள் இப்படி அணைந்தால் யார் கைகூப்புவது என்று கேட்டேன்.

அவள் எழும்பிப் போய், கிணற்றடியில் ஊறிக் கிடந்த பனம்மட்டை இரண்டைத் தூக்கி வந்து என் முன்னால் போட்டாள்.

"காட்டிலை உங்களுக்கு ஆர் காஞ்ச விறகு வைச்சிருக்கினம்? இதிலை மூட்டுங்கோ."

ஈரத்தோலைச் சீவி எறிந்தேன். உள்ளே காய்ந்திருந்ததை ஈர்க்கு ஈர்க்காகப் பிளந்தேன். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதில் துளைகளுக்குள்ளால் காற்று ஏறி, சின்னத் தீ ஒன்று நிமிர்ந்தது. ஈர மட்டையை மேலே வைத்தேன். புகைந்து புகைந்து, கடைசியில் அதுவும் பிடித்தது. கேத்திலில் தண்ணீர் வார்த்து மேலே வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"நல்லம்மா, கனிசியஸ் தானாக் குடிக்கேல்லை. நான்தான்…"

"தெரியும்." அவள் மட்டையை உள்ளே தள்ளினாள். "நித்திரையிலை நெடுகச் சொல்லுறனீங்கள். 'குடி மச்சான், ஒண்டும் செய்யாது' எண்டு. ஒரு வருசமாக் கேக்கிறன்."

ஒரு வருடமாகப் பக்கத்தில் கிடந்து கேட்டவள், ஒரு நாளாவது என்னிடம் கேட்டதில்லை. கேத்தில் மூடி இலேசாக ஆடத் தொடங்கியது. எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. எழும்பி அதை இறக்கக் கை நீட்டினேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொதிக்கேல்லை. பொறுங்கோ."

நான் மறுபடி உட்கார்ந்தேன்.