ஹீட்டர் குழாயில் ஓர் இடுக்கி

1

இந்தக் கதை எனக்குப் போனில் கிடைத்தது. அக்கா பதினெட்டு வருடப் பழைய லாரி ஓட்டுகிறாள். ஏசி சரியாகக் குளிரவில்லை என்று ஆரம்பித்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அரைக்காதில் கேட்டேன். "அத்தான் இனிமே என்கூட வரமாட்டாராம்" என்றதும் கத்தியைக் கீழே வைத்தேன்.

2

முதல் வரி: 'அன்று வெயில் சாலையை...' வேண்டாம். நேராகவே சொல்கிறேன். ஒரு தீ விபத்தில் அத்தானுக்கு முதுகும் கைகளும் வெந்துபோயின. ஆறிய தோலில் வியர்க்காது. சூடு உடம்பிலேயே தங்கி மயக்கம் வரும். இருவரும் பன்னிரண்டு வருடம் மாறி மாறி ஓட்டிய லாரி அது.

(விபத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவரே பேசுவதில்லை, நான் யார் பேச?)

3

ஏசியைப் பார்த்த மெக்கானிக்கை வில்லனாக்கி எழுதி, அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்ல மனுஷன்டா அவர். ரெண்டு தடவ ஏசி கேஸ் பார்த்தார், அளவு சரியாத்தான் இருந்துச்சு. பழைய வண்டி, இவ்வளவுதான் குளிரும்னார். நான்தான் ஒத்துக்கல."

ஒத்துக்கொள்ளாமல் இருப்பது அவளுக்குக் கைவந்த கலை. ஒரு வாரம் கவனித்தாள். கிளம்பிய பத்து நிமிடம் ஜில்லென்று வரும். இன்ஜின் சூடானதும் காற்று வெதுவெதுப்பாகிவிடும். ஓடினாலும் நின்றாலும் அதே கதை.

4

ஞாயிறு முற்பகல் இன்ஜினை ஓடவிட்டு ஏசி குழாயைத் தொட்டாள். நல்ல குளிர், மேலே நீர் முத்துமுத்தாகப் பூத்திருந்தது. அப்படியானால் குளிர் உண்டாகிறது, வழியில் எங்கோ தொலைகிறது. பக்கத்தில், குளிர்காலத்தில் கேபினைச் சூடாக்கும் ஹீட்டருக்கு இன்ஜினிலிருந்து வெந்நீர் கொண்டுபோகும் இரண்டு ரப்பர் குழாய்கள். ஹீட்டர் அணைத்திருந்தும் இரண்டிலும் கை வைக்க முடியவில்லை.

"என்னங்க, உள்ள உட்கார்ந்து தெர்மாமீட்டர ஏசி வாய்கிட்ட பிடிங்க."

குழாயில் துணி சுற்றி, இடுக்கியால் நெரித்து வெந்நீரை நிறுத்தினாள்.

"இருபத்தாறு," என்றார் அத்தான். கொஞ்சம் பொறுத்து, "இருபத்தாறுதான். விட்டுடு."

"விடமாட்டேன். பார்த்துக்கிட்டே இருங்க."

"இருபத்திரண்டு... பதினாறு."

பிறகு சத்தமே இல்லை.

"என்னங்க, மயக்கம் வருதா?"

"இல்ல. ஒன்பது. எனக்குக் குளிருது."

வெந்நீரை அடைக்க வேண்டிய ஹீட்டர் வால்வு மூடாமல் நின்றிருக்கிறது. குளிரும் வெந்நீரும் ஒரே பெட்டிக்குள் மல்லுக்கட்டியிருக்கின்றன. மறுநாள் வால்வை மாற்றிய மெக்கானிக், "எனக்குத் தோணலையேம்மா" என்றார்.*

* 'வெட்கத்துடன்' என்று எழுதியிருந்தேன். சும்மாதான் சொன்னார் என்றாள் அக்கா. எடுத்துவிட்டேன்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். முதலாவதில் அத்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. கிழித்தாயிற்று. இரண்டாவதில், "சூடு மட்டும் இல்ல, சரக்கு இறக்குற இடத்துல எல்லாரும் என் கையையே பார்க்கிறாங்க" என்கிறார். இதைக் கிழிக்க மனம் வரவில்லை. உண்மையாக இருந்துவிடுமோ என்று பயம்.

அடுத்த பயணத்தன்று காலையில் அக்கா கூப்பிட்டாள்.

"அத்தான் வர்றாரா?"

"ஏறி உட்கார்ந்திருக்கார், கதவ இன்னும் சாத்தல. ஏசி ஓடுது. வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன்."

அப்போது லாரிக் கதவு மூடும் சத்தம் கேட்டது. "வைக்கிறேன்டா" என்று வைத்துவிட்டாள்.

அத்தான் உள்ளே இருந்தபடி கதவைச் சாத்திக்கொண்டாரா, இறங்கி நின்று சாத்தினாரா? திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உங்களுக்கு எப்படிக் கேட்டது?