எட்டாயிரம் நேயர்கள்

அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பாதி வாசல் வந்தபோதுதான் தமிழினிக்கு உறைத்தது. பண்ணைக்குள் பேச்சுச் சத்தம் இல்லை. குடத்தை அப்படியே இறக்கி வைத்தாள்.

நேற்று மாரடைப்பில் போன அப்பா குமரகுருவின் கோழிப்பண்ணையில், பொழுது விடிந்து பொழுது சாயும்வரை அரசு வானொலியின் டிஜிட்டல் பேச்சு நிலையம் ஓடும். பாட்டுக் கிடையாது, பேச்சு மட்டும். முட்டைக்கோழிக்குத் திடீர்ச் சத்தம்தான் எமன். ஒன்று மிரண்டால் கொட்டகையே மிரண்டு கூண்டில் அடித்துக்கொள்ளும். ஆள் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தால் வேறு சத்தம் அதற்குப் பெரிதாகப் படாது. பழைய ரேடியோவின் கரகரப்பும் இதில் இல்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அறிவிப்பாளருக்குப் பதில் வேறு சொல்வார். அவர் வணக்கம் என்றால் இவர் “வணக்கமுங்க” என்பார். பிடிக்காததைச் சொன்னால், “அது தப்புங்க” என்று சண்டைக்கும் போவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

“ரேடியோவ யாரு நிறுத்துனது?”

பெரியப்பா சடையன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “நாந்தான் கண்ணு. எழவு ஊட்ல ரேடியோ பாடுனா ஊரு காறித் துப்பாதா?”

“அது பாடாதுங்க பெரியப்பா. பேசும்.”

“பேசுனா மட்டும்? எந்தம்பி அங்க செத்துக் கெடக்கறான்...” குரல் உடைந்துவிட்டது அவருக்கு.

அவர்மேல் கோபப்பட அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் வாசலில் டெம்போவிலிருந்து தப்பட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பதம் பார்க்க ஒருவர் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். கொட்டகைக்குள் எட்டாயிரம் கோழியும் ஒன்றாகச் சிறகடித்தன. கூண்டுக் கம்பிகள் அதிர்ந்தன. அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

“இன்னும் நாலு அடி உழுந்தா அப்பா கூடவே பண்ணையும் போயிரும் பெரியப்பா. தப்பட்டை ரோட்டு முக்குல இருந்து அடிக்கட்டும். வெடி வேண்டாங்க. நான் ரேடியோ போடப் போறேன்.”

“ஊரு என்ன சொல்லும் சாமி?”

“எங்கிட்ட சொல்லட்டுங்க. நாளைக்கும் இந்தக் கோழிக்குத் தீனி போடறது நாந்தானுங்க.”

அப்பாவின் தலைமாட்டிலிருந்து அம்மா பழனியம்மாள் நிமிர்ந்தாள். “உடுங்க மாமா. அவரு இருந்தா அதத்தான் செஞ்சிருப்பாரு.”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தப்பட்டைக்காரர்களிடம் போனார். போகும்போதே கையைக் காட்டி, ரோட்டுமுனைக்குப் போகச் சொன்னார்.

தமிழினி கொட்டகைக்குள் போய் வானொலிப் பெட்டியைப் போட்டாள். யாரோ மண்வளம் பற்றிப் பேசி முடித்துக்கொண்டிருந்தார்கள். சிறகடிப்பு மெல்ல அடங்கியது. ஆனாலும் ஒரு கோழியும் தீனியில் வாய் வைக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் அப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது. காலையிலிருந்து ஓடியாடி எல்லாவற்றையும் பார்த்தவளுக்கு, அதைப் பார்க்க மட்டும் முடியவில்லை.

அடுத்த நிகழ்ச்சி தொடங்கியது. “நேயர்களுக்கு வணக்கம்” என்றார் அறிவிப்பாளர்; சொல்லிவிட்டு வழக்கம்போல் ஒரு கணம் நிறுத்தினார்.

கம்பிகளுக்கு வெளியே கழுத்துகள் நீண்டு நின்றன.

தமிழினி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“வணக்கமுங்க.”

முதல் வரிசைக் கோழிகள் தீனித் தொட்டிக்குள் குனிந்தன. அவள் வாசலுக்குப் போய்க் குடத்தைத் தூக்கினாள்.