அய்யாவுவின் சேவலும் பிச்சையின் சட்டையும்

செத்துப்போனவன் செல்லாயியின் புருஷன் பிச்சை. கொன்றவன் பக்கத்து வீட்டு அய்யாவு. தோட்டம் முழுக்க இதுதான் பேச்சு. இதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. செத்துப்போன பிச்சை அன்று காலையில்தான் வயிறு முட்ட மரவள்ளிக்கிழங்கு தின்றுவிட்டு, உப்பு பத்தவில்லை என்று முனகியிருந்தான். அது செல்லாயிக்கு மட்டும் தெரியும்.

பீடோங்குக்கு உள்ளே தள்ளிக் கிடந்த ரப்பர்த் தோட்டம் அது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்கார துரை ஓடிவிட்டார், பால்வெட்டும் நின்றுபோயிற்று. கணக்கு எழுதும் கிராணி நடராஜா மட்டும் நாற்காலியை விடவில்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக் கொடுப்பது இப்போது அவருடைய உத்தியோகம். போனவர்களில் ஒருத்தரும் திரும்பி வரவில்லை. அடுத்த வண்டியில் பிச்சை என்று கேள்விப்பட்டதும் செல்லாயி உட்கார்ந்து அழவில்லை, யோசித்தாள். உயிரோடு இருக்கிறவனைத்தானே ரயிலில் ஏற்ற முடியும்?

ஆற்றில் முதலை இருந்தது. அய்யாவு வீட்டில் ஒரு சேவல் இருந்தது. விடியுமுன்னே அவள் கூரை மேல் ஏறி நின்று கத்துகிற சேவல் அது. ஆகவே அதன் கழுத்தைத் திருகும்போது அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. ரத்தம் பிச்சையின் சட்டைக்குப் போயிற்று. கறி, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற பழைய கொட்டகையின் பரணுக்குப் போயிற்று. பிச்சை அங்கேதான் ஒளிந்திருந்தான்.

முதலை குதறியதுபோலச் சட்டையை நாலாகக் கிழித்துப் போடு என்று அவன் சொல்லித்தான் அனுப்பினான். ஆனால் ஊரே சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிகிற காலத்தில், தையல் விடாத சட்டையைக் கிழிக்க எந்தப் பெண்ணுக்குக் கை வரும்? ஆற்றங்கரைக் கல்லில் சட்டையையும் டயர் செருப்பையும் பொகையிலை டப்பியையும் வைத்துவிட்டு வந்து, குளிக்கப் போன மனுசனைக் காணோமே என்று லயத்து வீட்டு வரிசையே அதிரக் கத்தினாள்.

ஆட்கள் ஓடிப் பார்த்தார்கள். கல் இருந்தது. கல்லின் மேல் ஒன்றும் இல்லை.

பயல் ஓடிவிட்டான் என்று முடிவு கட்டிய கிராணி வீடு வீடாகப் புகுந்து தேடினார். பிச்சை அகப்படவில்லை. ஆனால் அய்யாவுவின் பெட்டிக்கு அடியில் அந்தச் சட்டையும் செருப்பும் டப்பியும் அகப்பட்டன. அப்புறம் வழக்குக்கு என்ன குறை? சேவல் காணாமல் போன அன்று அய்யாவு லயத்து நடுவில் நின்று, தின்றவனை வெட்டிப் புதைக்காமல் விடமாட்டேன் என்று பிச்சை வீட்டைப் பார்த்துக் கத்தியதைக் கேட்காத காது இல்லை. ஆற்றுப் பக்கம் அவன் போனதை அதே லயத்துப் பாப்பம்மா பார்த்திருந்தாள். அவள் பார்க்காமல் தோட்டத்தில் எதுவும் நடந்ததில்லை.

சாமான்களைக் கல்லின் மேலிருந்துதான் எடுத்தேன் என்றான் அய்யாவு. அப்படியானால் ஏன் ஒளித்து வைத்தாய் என்று கிராணி மடக்கினார். அய்யாவு வாயைத் திறந்தான், மூடினான், தலையைக் குனிந்துகொண்டான். போதாதா? போலீஸ் சார்ஜன் யூசோப் வந்து அவனை முனியாண்டி கோயில் மரத்தில் கட்டினார். மறுநாள் சுங்கை பட்டாணியில் ஜப்பான்காரனிடம் ஒப்படைப்பது என்று ஏற்பாடு. அங்கே விசாரணை கழுத்தோடு முடிந்துவிடும்.

செல்லாயி தலையில் அடித்துக்கொண்டாள். புருஷனைக் காப்பாற்றப் போய் ஒரு நல்ல மனுசனின் தலைக்கு உலை வைத்துவிட்டாளே. கொட்டகைக்கு ஓடி விஷயத்தைச் சொன்னதும் பிச்சை ஏணியில் கால் வைத்துவிட்டான்.

“எனக்குப் பதிலா அய்யாவு அண்ணன் கழுத்தையா குடுக்கச் சொல்ற?”

அவள் அவனை மேலே தள்ளிவிட்டு ஏணியை உருவிக் கீழே போட்டாள். உண்மையைத் தானே போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் கோயிலுக்கு நடந்தாள். வேறு வழி இருந்தால் அவளுக்குத் தெரியவில்லை.

மரத்தடியில் தோட்டமே கூடியிருந்தது. செல்லாயி வாயைத் திறந்தாள். எதிரே கிராணி, ஒரு கொலைகாரனைப் பிடித்த பெருமையில் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். இந்த ஆளிடமா என் புருஷனைக் கொடுப்பேன் என்று அவளுக்கு வயிறு எரிந்தது. தொண்டையைக் காறினாள். பிச்சை பேச ஆரம்பிக்கும்போது காறுவானே, அச்சு அசலாக அதே காறல். கூந்தல் அவிழ்ந்தது, உடம்பு ஆடியது.

“அட, கேளு கிராணி. என்னைய எவனும் கொல்லல.”

கூட்டம் பின்வாங்கியது. சார்ஜன் யூசோப் நடுங்கிப்போய், “ஹந்துவா லா?” என்று கேட்டார். ஹந்துவேதான், பிச்சையின் ஆவிதான் என்று பத்துப் பேர் சாட்சி சொன்னார்கள். முதலை இழுத்துக்கொண்டு போன கதையை ஆவி சொல்லி முடித்தது. கிராணி லேசில் விடுகிற ஆள் இல்லை. முதலை ஆற்றுக்குள் இழுத்தது என்றால், கரையில் கழற்றி வைத்த சட்டையில் ரத்தம் எப்படி வந்தது என்று கேட்டார்.

செல்லாயிக்கு ஆட்டம் நின்றுவிடும் போல ஆயிற்று. அப்போதுதான் மரத்தில் கட்டிக் கிடந்த அய்யாவு தலையைத் தூக்கினான்.

“அது கெடக்கட்டும் பிச்ச. என் சேவலத் தூக்குனது யாருடா?”

தலை போகிற நேரத்தில் இவனுக்குச் சேவல் கேட்கிறதே என்று யாரோ சிரித்தார்கள். செல்லாயி சிரிக்கவில்லை. ஒரு முருங்கைக்காய் காணாமல் போனதற்காகப் பாப்பம்மாவை லயத்துக் குழாயடியில் நிற்க வைத்துக் கிழித்தவள் அவள். திருட்டு என்றால் காறித் துப்புகிறவள். அந்தப் பாப்பம்மா முன்வரிசையில் கன்னத்தில் கை வைத்து நின்றாள். இனி இந்த லயத்தில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? மரத்தில் கட்டிக் கிடந்த அய்யாவுவைப் பார்த்தாள். தன் மானம் போனால் போகிறது என்று மறுபடியும் காறினாள்.

“என் பொண்டாட்டிதான் திருடுனா. நான் அறுத்தேன், ரெத்தம் சட்டையில தெறிச்சிருச்சு. அலசலாம்னு ஆத்துக்குப் போயிக் கழட்டி வச்சேன், காலு வழுக்கி முதல வாயில விழுந்தேன். நம்பலன்னா எங்க அடுப்புக்குப் பின்னால தோண்டிப் பாருங்க.”

தோண்டினார்கள். செக்கச்செவேலென்று இறகுகள் வந்தன. பாப்பம்மா அதில் ஒன்றைக் கையில் பிடித்து, தீபாராதனை காட்டுவதுபோல எல்லாருக்கும் காட்டினாள். சார்ஜன் யூசோப் தன் கையாலேயே கட்டை அவிழ்த்து, செத்தவன் முதலையால் செத்தான் என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் தாலி அறுக்க நெருங்கியதும், ஆவி கடைசியாக ஒருமுறை சீறியது. தன் எலும்பு கரை ஒதுங்குகிற வரைக்கும் பெண்டாட்டி தாலியில் எவளாவது கை வைத்தால் அவள் வீட்டில் வந்து குடியிருப்பேன் என்றது. அதற்குப் பிறகு எவளும் நெருங்கவில்லை.

சாயங்காலம் அய்யாவு வந்தான். மணிக்கட்டில் கயிறு அழுத்திய தடம் சிவந்திருந்தது. கையில் பிச்சையின் சட்டை.

செல்லாயி அவன் காலில் விழப் போனாள். அவன் தடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“முதல கடிச்சவன் எங்கயாச்சும் கையையும் காலரையும் பாத்துப் பாத்து ரெத்தச் சட்டைய மடிச்சு வைப்பானா தங்கச்சி? செருப்ப வேற சோடி சேத்து வச்சிருக்க. கிராணி கல்லு மேல அப்படியே பாத்திருந்தா அப்பவே புரிஞ்சிருக்கும். அதான் எடுத்துட்டு வந்தேன். கிழிச்சு, ராவோட ராவா ஆத்துல போட்டுரலாம்னு.”

“அப்புறம் ஏண்ணே போடல?”

அய்யாவு சட்டையைத் தடவிப் பார்த்தான். “நல்ல சட்டை. கிழிக்க மனசு வரல.”

செல்லாயிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. மரத்தில் கட்டினபோதாவது தன் புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள்.

“சொன்னா சயாமுக்கு ஏத்திருவானே.”

அவ்வளவுதான் சொன்னான். படி இறங்கியவன் நின்று திரும்பினான்.

“சேவலத் தூக்குனது நீன்னு மட்டும் எனக்குச் சத்தியமா தெரியாது. ஜப்பான்காரன் சண்ட முடிஞ்சு அவன் வெளிய வரட்டும். அதுக்கு அவன் முதுகுல நாலு போடு போடாம விடமாட்டேன்னு சொல்லு.”

செல்லாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பரணுக்குக் கொண்டுபோகக் கூடையில் கிழங்கை எடுத்து வைத்தாள், உப்பு தூக்கலாகவே. மேலே சட்டையை வைக்கப் போனபோது கைகள் தாமாகவே காலரைச் சேர்த்து மடிக்க ஆரம்பித்திருந்தன. உதறிப் பிரித்து, கசக்கி, சுருட்டிக் கூடைக்கு அடியில் திணித்தாள்.