இரண்டாவது கருப்பு வயர்

படகு கரையில் சும்மா கட்டிக் கிடக்கும்போது ஸ்பீக்கரில் எந்தச் சத்தமும் இல்லை. எஞ்சினைக் கிளப்பியதும் உள்ளே ஒரு கொசு பிறந்துவிடும். வேகத்தைக் கூட்டினால் அதுவும் சுருதியைக் கூட்டும்; குறைத்தால் முனகும். நடு ஏரியில், மூழ்கிப்போன பழைய பாலத்தின் தூண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டி, வழிகாட்டியான அவள் பேசத் தொடங்கும்போது, கொசு அவளைவிட உரக்கப் பேசும். பயணிகள் காதுக்குப் பின்னால் கையைக் குவிப்பார்கள். பிறகு தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவள் குரல் காய்ந்த இலையைத் தேய்த்தது போல் ஆகியிருந்தது. படகோட்டும் கணவன்தான் ஒரு சின்ன மிக்சர் பெட்டி வாங்கி, மைக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வைத்தான். மெல்லிய குரலை அது தூக்கிக் கொடுத்தது. கொசு வந்தது சில வாரங்கள் கழித்து.

பயணிகளை அனுப்பும் விடுதிக்காரர்கள் யாரோ ஒரு பெண்ணின் பதிவுசெய்த குரலைக் கணவனின் கைபேசிக்கு அனுப்பியிருந்தார்கள். இரைச்சல் போகாவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து அதைத்தான் போட வேண்டும். காலையில் அவன் கைபேசியை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகிப் பார்த்தான். எஞ்சின் முழு வேகத்தில் ஓடியது. அந்தக் குரல் பளிங்கு போல் வந்தது. கொசு இல்லை. அவள் மைக்கை அதன் உறைக்குள் போட்டு மூடினாள். ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, எஞ்சின் நன்றாக இருக்கிறது. அப்படியானால் மிச்சம் இருப்பது தன் தொண்டைதானே?

மதியம் நாத்தனார் வந்தாள். லிஃப்ட் பழுது பார்ப்பவள். திருப்புளியைப் பேனா மாதிரி சட்டைப்பையில் செருகியிருந்தாள்.

“வாம்மா விஞ்ஞானி. இது லிஃப்ட் மாதிரி மேல கீழ போகாது, முன்னாடி போகும்,” என்றான் அண்ணன்.

“உன் கையில இருந்தா எதுவும் முன்னாடி போகாது. அண்ணி, நீங்க சொல்லுங்க. எப்பக் கத்துது, எப்பக் கத்தல?”

“நான் பேசினாக் கத்துது. அந்தப் பொண்ணு பேசினா இல்ல.”

“மைக்கை அணைச்சுட்டுச் சும்மா உக்காந்தா?”

அதை யாரும் பார்த்ததில்லை. மிக்சரை ஓடவிட்டு, உறைக்குள் இருந்த மைக்கை அணைத்தே வைத்தார்கள். எஞ்சினைக் கிளப்பினார்கள். கொசு தன் பாட்டுக்குப் பாடியது.

“பாத்தீங்களா? உங்க தொண்டைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அண்ணி பக்கத்துப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள்.

நாத்தனார் அடுத்து, மிக்சரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளை உருவினாள். அமைதி. செருகினாள். கொசு. ஆக, அந்த வழியாகத்தான் வருகிறது. கைபேசி தன் சொந்த பாட்டரியில் வாழ்கிறது. படகின் வேறு எந்த வயரோடும் அதற்கு உறவில்லை. மிக்சர் அப்படியில்லை. அது படகின் மின்சாரத்தைத் தின்கிறது. நாத்தனார் பலகைக்கு அடியில் தலையை விட்டாள்.

மின்சாரம் திரும்பிப் போவதற்கான கருப்பு வயர் ஒன்றுதான் இருக்க வேண்டும்; மிக்சரிலிருந்து இரண்டு கிளம்பின. ஒல்லியானது, ஆம்ப்ளிஃபயரின் கருப்பு வயர் முடிகிற அதே சுவிட்ச் பலகைக்குப் போனது. தடித்தது படகின் பின்புறம் வரை ஓடி, எஞ்சினின் இரும்பில் இறுக்கப்பட்டிருந்தது.

“இது யாரு வேலை?”

அண்ணன் தாடையைச் சொறிந்தான். “ஒருநாள் அந்த ஒல்லி வயர் கழண்டு, இவ பேச்சு பாதியில நின்னுபோச்சு. நாலு பேர் சிரிச்சாங்க. இனிமே நிக்கவே கூடாதுன்னு இன்னொண்ணு இழுத்தேன். எஞ்சினைவிடக் கெட்டியான இரும்பு படகுல எங்க இருக்கு?”

நாத்தனார் கேலி பேச வாயெடுத்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“எஞ்சின் ஓடும்போது அதுவே பாட்டரியையும் நிரப்புதுல்ல? அந்த மின்சாரம் இரும்பு வழியாத்தான் திரும்பிப் போகுது, துடிச்சுத் துடிச்சு. நீ அதுக்கு மிக்சர் வழியா ஒரு குறுக்குச் சந்து வெட்டி விட்டிருக்க. தெருவுல போற வண்டியெல்லாம் அண்ணி வீட்டுக்குள்ள புகுந்து போகுது.”

“ஒல்லி வயர் மறுபடியும் கழண்டா?” அண்ணி கேட்டாள்.

“கழலாத மாதிரி புது முனை வெச்சு இறுக்கித் தர்றேன்.”

கணவன் திருப்புளியைத் தங்கையிடமிருந்து வாங்கிக்கொண்டான். தடித்த வயரைத் தானே கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டான். நாத்தனார் ஒல்லி வயரை இறுக்கியதும், பின்னால் போய் எஞ்சினைக் கிளப்பி வேகத்தைக் கூட்டினான். படகு கட்டுக்கயிற்றை இழுத்து நடுங்கியது.

அவள் மைக்கை உறையிலிருந்து எடுத்தாள்.

“தண்ணிக்கு நடுவுல தூண்கள் தெரியுதா?” என்றாள், தன்னால் முடிந்த சன்னக் குரலில். ஸ்பீக்கரில் அந்தக் குரல் மட்டும்தான் வந்தது; கொசு இல்லை.

படகின் மறுகோடியில், எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றவன், தெரிகிறது என்று கையைத் தூக்கினான். சுருட்டிய வயர் இன்னும் அந்தக் கையில் இருந்தது. மிக்சருக்கு இப்போது ஒரே ஒரு கருப்பு வயர். ஆம்ப்ளிஃபயரின் வயர் முடிகிற அதே திருகில் அதுவும் முடிகிறது.